மத்தியான வருகை

ஜூலை 9

காலை பத்தேகால் மணிக்குப் பெரிய சத்தம் கேட்டது. வகுப்பு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜெசிந்தா மிஸ் சாக்பீஸை வைத்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இப்படிச் சத்தம் கேட்டால் "என்ன" என்று யாரும் கேட்பதில்லை. "எந்தப் பக்கம்" என்றுதான் கேட்பார்கள். மேற்கே புகை எழுந்தது.

ராத்திரி ஏழு மணிக்குச் சங்கரியின் அம்மா வந்தார். முத்துராக்கு அத்தை. தீப்பெட்டி ஆபீஸில் இருந்து நேரே வந்திருக்கிறார், விரலெல்லாம் பசை.

"அனு, எம்புள்ள ஒங்கூட வரலியா தாயி?"

"நான் முன்னாடியே வந்துட்டேன் அத்தை."

பொய் இல்லை. முன்னாடியேதான் வந்தேன்.

அம்மா கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். அப்பா சாப்பிடவில்லை.

சங்கரி இன்று பள்ளிக்கு வரவில்லை.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஓர் இடத்திலாவது அது இருக்க வேண்டும். அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு வேதியியல் ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் வேதியியல் படிக்க மாட்டார்கள். 

ஜூலை 10

அப்பா காலையில் வேனைக் கழுவினார். சீட்டு இடுக்குகளில் வெள்ளி நிறத்தில் ஒரு பொடி ஒட்டியிருக்கும். பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் சேலையில் இருந்து உதிர்வது. பழைய பல் பிரஷ்ஷை வைத்து அதை ஒவ்வொரு தையலாகச் சுரண்டினார்.

"போன வாரந்தானப்பா கழுவுனீங்க?"

"வெள்ளிக்கெழம. பூசை போடணும்."

ஆனால் எலுமிச்சம்பழம் வாங்கவில்லை.

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட். ஐந்து உடல்கள். நான்கு பேருக்குப் பெயர் தெரிந்துவிட்டது. ஐந்தாவதற்குத் தெரியவில்லை. நான்கு பேர்தான் வேலைக்கு வந்தார்கள் என்று முதலாளி சொல்கிறாராம்.

ஜூலை 11

இன்று பள்ளிக்கு எஸ்.ஐ. வந்தார். முத்துராக்கு அத்தையும் வந்திருந்தார்.

எங்கள் இயந்திரத்தைப் பற்றி எழுத வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வந்தது. வராந்தாவில் ஓர் இரும்புக் கம்பத்தில் டேப்லெட் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். முன்னால் போய் நின்றால் முகத்தைப் பார்த்து, "வணக்கம், அனுசுயா. உங்கள் வருகை பதிவானது" என்று ஒரு பெண் குரல் சொல்லும். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை. உடனே வீட்டுக்கு மெசேஜ் போய்விடும். வருகைப் பதிவேடுகளைச் சணலால் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். ஆசிரியர்கள் எதையும் கையால் எழுதக் கூடாது, திருத்தக் கூடாது என்று உத்தரவு. பதினொன்றாம் வகுப்பு லீடர் நான்தான். எட்டு ஐம்பதுக்கு வந்து இயந்திரத்தைத் துடைத்து ஆன் செய்வது என் வேலை.

அத்தை மடியில் இருந்து ஒரு டிபன் பாக்ஸ் மூடியை எடுத்தார். ஷெட்டில் அள்ளிய சாமான்களைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் குவித்திருந்தார்களாம். அதில் கிடந்ததாம். பாதி கறுப்பு. ஓரத்தில் "மு. சங்" என்று மட்டும் தெரிந்தது.

"சடங்குக்கு எந்தம்பி பேர் வெட்டிக் குடுத்த பாக்ஸுய்யா. எம்புள்ள அங்கதான் இருந்திருக்கா. அந்த அஞ்சாவது எம்புள்ளதான். என் ரத்தத்த எடுத்துச் சோதிச்சுப் பாருங்க."

எஸ்.ஐ., தலைமையாசிரியை கொடுத்த தாளைத் தட்டிக் காட்டினார். "இந்தா பாரும்மா. ஒம்பொண்ணு காலையில ஒம்பது நாலுக்கு இங்க வந்திருக்கு. மத்தியானம் ஒண்ணு முப்பத்தஞ்சுக்கும் நின்னுருக்கு. வெடிச்சது பத்தேகால். செத்தவ மத்தியானம் வந்து மொகத்தக் காட்டுவாளா?"

"பாக்ஸு?"

"யாருக்காவது இரவல் குடுத்திருக்கும். பாக்ஸெல்லாம் கோர்ட்ல பேசாது. மிஷின் ரெக்கார்டுதான் பேசும். மிஷின் கம்பெனி சர்டிபிகேட்டே குடுத்திருக்கு. பொண்ணு எவங்கூடப் போச்சுன்னு விசாரி, போ."

பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே சொன்னது, சங்கரி ஓடிப்போய்விட்டாள் என்று. அம்மாகூடச் சொன்னாள். "அமுக்குணியா இருந்துட்டு என்ன வேல பாத்திருக்கா, பாரு."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஜூலை 12

ஞாயிறு. தலைக்குக் குளித்தேன். ஊர்ச் சுவரெல்லாம் அவள் முகம்.

பள்ளி அட்மிஷன் போஸ்டர். மே மாதம் அச்சடித்தது. எங்கள் ஊரில் எதையும் சின்னதாக, மங்கலாக அச்சடிக்கத் தெரியாது. ரெட்டைச் சடையோடு சங்கரி சிரிப்பாள், நிஜ முகம் அளவுக்கே. எண்ணெய்ச் செக்கு சுவரில் மூன்று வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். பதினெட்டு சங்கரி. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன்.

ஜூலை 13

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு ஐம்பதுக்குப் போனேன். வராந்தாவில் யாரும் இல்லை. துடைத்தேன், ஆன் செய்தேன். முதல் ஆளாக நான் நின்றேன். நான் மட்டும்தான் நின்றேன், கையில் ஒன்றும் இல்லை.

"வணக்கம், சங்கரேஸ்வரி. உங்கள் வருகை பதிவானது."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. பெருக்கிய மண்ணில் என் கால் தடம் மட்டும்தான் இருந்தது.

ஜூலை 14

இன்றும் அதே பெயரைச் சொன்னது.

நேற்றே அப்பாவின் போனுக்கு மெசேஜ் வந்திருக்கிறது. "தங்கள் மகள் அனுசுயா இன்று பள்ளிக்கு வரவில்லை."

முத்துராக்கு அத்தையின் போனுக்கும் வந்திருக்கிறது. அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துச் சொன்னானாம். "தங்கள் மகள் சங்கரேஸ்வரி இன்று பள்ளிக்கு வந்துள்ளார்." அத்தை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிட்டார். சாயங்காலம் வரை கேட் பக்கத்தில் நின்றார். நாங்கள் வெளியே வரும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

ஜூலை 16

ஜெசிந்தா மிஸ் இன்று சீக்கிரம் வந்துவிட்டார். என் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. இயந்திரம் பெயரைச் சொன்னதும் மிஸ் கையில் இருந்த சாவிக்கொத்து விழுந்தது.

"எத்தன நாளா இப்படிச் சொல்லுது?"

"நாலு நாளா, மிஸ்."

என்னைத் தலைமையாசிரியையிடம் அழைத்துப் போனார். நான் வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"மேடம், அனுவப் பாத்து சங்கரேஸ்வரின்னு சொல்லுது. அப்ப ஒம்பதாம் தேதியும் தப்பா சொல்லியிருக்கலாம்ல?"

"ஒம்பதாம் தேதி அவ வந்தாளா இல்லையா? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

மிஸ் சாவிக்கொத்தை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "அறுபத்திரெண்டு பிள்ளைங்க மேடம். முன்னெல்லாம் பேர் கூப்பிடுவேன். இப்ப மிஷின் இருக்குன்னு யார் வந்தா, யார் வரலன்னு பாக்குறதே இல்ல."

"அந்தம்மா வந்து தேடுன அன்னைக்கே புகார் அனுப்பியாச்சு. பதில் பாருங்க. 'தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு சதவீதம் துல்லியம். புகார் முடித்து வைக்கப்பட்டது.' மேல கேட்டா, கம்பெனியக் கேளுங்குறாங்க. கம்பெனியக் கேட்டா, மிஷின் தானா முடிவு பண்ணுது, நாங்க தொட முடியாதுங்குறாங்க. நான் யாரப் போய்க் கேக்க?"

இத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவராலும் ஒரு வரியை அடித்து எழுத முடியவில்லை. என்னால் முடியும். தலைவலி என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 18

அப்பா கேட்டார். "நீ ஸ்கூலுக்குப் போறியா, இல்லியா?"

"போறேன்."

"நீ வரலன்னுதான தெனமும் மெசேஜ் வருது?"

"மிஷின் பொய் சொல்லுதுப்பா."

அப்பா வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மிஷின் பொய் சொல்லும்னு வெளிய எங்கயும் சொல்லிராத."

ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 19

கனவில் வராந்தாவில் நிற்கிறேன். எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 21

எழுதிவிடுகிறேன். நாளைக்குக் கிழித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த இயந்திரம் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினால்தான் பதிவாகும். வரிசை பிரேயர் மணி வரைக்கும் நகராது. ஜூன் பதினைந்தாம் தேதி வாக்கில் கம்பெனியில் இருந்து ஒருவர் வந்து எதையோ அழுத்தினார். "இனி சிமிட்ட வேண்டாம் பாப்பா, சட்டுசட்டுன்னு போயிரும்" என்றார். அப்போது பக்கத்தில் இருந்தது நானும் சங்கரியும்தான். அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

சங்கரிதான் கண்டுபிடித்தாள். ஸ்டோர் ரூமில் மீந்திருந்த போஸ்டர் ஒன்றை எடுத்து வந்து, தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். "வணக்கம், சங்கரேஸ்வரி." நாங்கள் இருவரும் வராந்தாவிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

அவளுக்கு ஒரு செல்போன் வேண்டும். அவ்வளவுதான். வாரத்தில் ரெண்டு நாள் ஷெட்டுக்குப் போனால் தீபாவளிக்குள் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வராத நாளில் அவள் அம்மாவுக்கு மெசேஜ் போகக் கூடாது. போஸ்டரை மடித்து என் ரெக்கார்டுக்குள் வைத்தாள். "என்னையத் தெனமும் பத்திரமா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போடீ" என்றாள். மொத்தம் ஆறு நாள் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் யாரும் வரும் முன்னால். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும்.

ஒன்பதாம் தேதி காலையில் பிடித்தேன். பத்தேகாலுக்குச் சத்தம் கேட்டது.

மத்தியானமும் பிடித்தேன்.

அவள் எந்த ஷெட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். புகை எந்தப் பக்கம் வந்தது என்றும் தெரியும். தெரிந்தும் ஒன்று முப்பத்தைந்துக்குப் போஸ்டரை விரித்துப் பிடித்தேன். பிடிக்காவிட்டால் அவள் செத்துவிட்டாள் என்று நானே சொன்னதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன். சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. போஸ்டருக்கு மேலே என் கண்ணும் தெரிந்திருக்கும். தினமும் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று அந்தக் கம்பெனிக்காரர் சொல்லியிருக்கிறார். கற்றுக்கொண்டுவிட்டது.

ஜூலை 23

ஐந்தாவது உடலை யாரும் உரிமை கோரவில்லை என்று பேப்பரில் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, நகராட்சியே புதைத்துவிடுமாம்.

ஜெசிந்தா மிஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். முத்துராக்கு அத்தை அங்கேதான் இருந்தார். இப்போதெல்லாம் தினமும் வருகிறார். இன்று தலைக்கு எண்ணெய் வைத்துப் பூகூட வைத்திருந்தார்.

"அக்கா, ஒங்க மனு என்னாச்சு? ரத்தம் எடுக்கச் சொல்லிக் குடுத்தீங்களே?"

"வாபஸ் வாங்கிட்டேன் டீச்சரம்மா. எம்புள்ள உசுரோட இருக்கா. நேத்துகூட ஒம்பது மணிக்கு வந்திருக்கா, பாருங்க." போனை நீட்டினார். ஒன்பது நாள் மெசேஜ்கள். "எம்மேல கோவம். அதான் என் கண்ணுல படாம வந்துட்டுப் போறா. நான் வஞ்சுட்டேன்ல, போன் கேட்டதுக்கு. என்னைக்காவது ஒருநா இந்த வழியா வெளிய வருவால்ல?"

மிஸ் கையில் இருந்த பேப்பரை மடித்துக்கொண்டார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு அனு. மிஷின் பொய் சொல்லுமா, தாயி?"

ஜூலை 25

போஸ்டரை எரித்துவிடலாம் என்று அடுப்படிக்குக் கொண்டு போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

ஜெசிந்தா மிஸ் தன் பெயரிலேயே வருவாய்த் துறை ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறார். வெடி விபத்தை விசாரிப்பது அவர்தானாம். திங்கட்கிழமை பள்ளிக்கு வருகிறார்.

அப்பா இன்றும் வேனைக் கழுவினார்.

ஜூலை 27

காலையில் நான் இயந்திரத்தின் முன்னால் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. மேடம் வந்தார். கூட எஸ்.ஐ., கல்வி அலுவலர், கம்பெனி ஆள் ஒருவர். சிமிட்ட வேண்டாம் என்று சொன்னவர் இல்லை, இவர் வேறு. சட்டையில் பட்டையாக அடையாள அட்டை மாட்டியிருந்தார். வராந்தாவிலேயே நாற்காலி போட்டார்கள். முத்துராக்கு அத்தை தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். லீடர் என்பதால் தண்ணீர் கொடுக்க என்னை நிறுத்தினார்கள். ரெக்கார்டை இடுப்பில் அணைத்திருந்தேன்.

"போட்டோவக் காட்டி இத ஏமாத்த முடியாதா?" என்று மேடம் கேட்டார்.

"வாய்ப்பே இல்ல மேடம். கண் சிமிட்டணும். உயிருள்ள முகம்னாத்தான் எடுக்கும்."

"சரி, தப்பாவே எடுத்திருச்சுன்னு வைங்க. யார் திருத்துவா? நீங்களா?"

"எங்களுக்குத் திருத்த அனுமதி கெடையாது மேடம். சிஸ்டந்தான் முடிவு பண்ணும்."

மேடம் கல்வி அலுவலர் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"உத்தரவுல அதுக்கு வழி சொல்லல மேடம்."

"ஹெச்.எம்.?"

தலைமையாசிரியை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எஸ்.ஐ. சார், நீங்க இந்தத் தாள வச்சுத்தான் ரத்தம் எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணீங்க?"

"சர்டிபிகேட் இருக்கு மேடம். அத மீறி நான் என்ன செய்ய?"

"ஆக, ஒரு பொண்ணு உசுரோட இருக்கா இல்லையான்னு இது சொல்லிருச்சு. இல்லன்னு சொல்ல இங்க யாருக்கும் அதிகாரம் இல்ல. அப்படித்தான?"

நாளை இருபத்தெட்டு. நான் தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்தேன். ரெக்கார்டைத் திறந்து போஸ்டரை எடுத்தேன். மடிப்புக் கோடு அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. இயந்திரத்தின் முன்னால் போய் விரித்துப் பிடித்தேன்.

"வணக்கம், சங்கரேஸ்வரி. உங்கள் வருகை பதிவானது."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. போஸ்டரைக் கீழே இறக்கினேன். இப்போது என் முகம் மட்டும்.

"சங்கரேஸ்வரி, உங்கள் வருகை ஏற்கெனவே பதிவாகியுள்ளது."

எல்லாவற்றையும் சொன்னேன். சிமிட்டுவதை நிறுத்தியதைச் சொன்னேன். ஆறு நாளைச் சொன்னேன். மத்தியானத்தைச் சொன்னேன்.

கம்பெனி ஆள்தான் முதலில் பேசினார். "மேடம், இப்பவும் இது ஏமாறும்னுதான் ஆகுது. அன்னைக்கு அந்தப் பொண்ணு வரலன்னு ஆகாதே."

மேடம் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அவ ஷெட்டுக்குத்தான் போனான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? யார் கூட்டிட்டுப் போனது?"

எட்டாம் தேதி சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் சங்கரி சொன்னது ஞாபகம் வந்தது. "நாளைக்கு முன்சீட்டு எனக்குத்தான்டீ. ஒங்க அப்பா தர்றேன்னு சொல்லிட்டாரு. பொறாமப்படாத."

இதுவரை இந்த ரெக்கார்டில்கூட அதை எழுதவில்லை.

"எங்க அப்பா வேன்ல, மேடம்."

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இயந்திரம் என்ன பார்த்தது என்று தேடினாரோ என்னவோ.

"அப்ப தெனமும் வந்தது நீதானா, தாயி?"

போஸ்டரை என் கையில் இருந்து வாங்கி, மடிப்பிலேயே மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பி, சேலையைத் தோள் வரைக்கும் ஒதுக்கிக் கையை நீட்டினார்.

"எடுங்கய்யா."

ஜூலை 28

அப்பாவைக் கூட்டிப் போய்விட்டார்கள். போகும்போது வேன் சாவியை என்னிடம் கொடுத்தார். அம்மா எனக்கு மட்டும் சோறு போடவில்லை. நானும் கேட்கவில்லை.

நகராட்சி இன்று யாரையும் புதைக்கவில்லை.

ஜூலை 31

இயந்திரத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மறு உத்தரவு வரும் வரை பதிவேட்டில் எழுத வேண்டுமாம். ஜெசிந்தா மிஸ் ஸ்டோர் ரூமில் சணலை அறுத்துப் பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். தூசி தட்டி, எல்லாப் பெயரையும் அவர் கையாலேயே எழுதினார்.

லீடரை மாற்றச் சொல்லித் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். மிஸ் மாற்றவில்லை. "பேரக் கூப்பிடு. தலைய நிமித்தி, ஆளப் பாத்துக் கூப்பிடு" என்று பதிவேட்டை என் கையில் கொடுத்தார்.

நான்காவது பெயர் அனுசுயா. "உள்ளேன் மிஸ்" என்று நானே சொன்னேன். பதினெட்டு நாளுக்குப் பிறகு அந்தப் பெயரில் வருகிறேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர மாதக் கணக்கில் ஆகுமாம். அது வரை பெயரை நீக்கக் கூடாது. அதனால் நாற்பத்தொன்றாவது பெயரையும் கூப்பிட வேண்டும்.

"சங்கரேஸ்வரி."

வகுப்பில் யாரும் அசையவில்லை. மிஸ்ஸும் அவசரப்படுத்தவில்லை. அவள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தேன். சுவரோரமாக ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் மற்ற இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு முறை கூப்பிட்டேன்.

பிறகு, 'வரவில்லை' என்று என் கையால் எழுதினேன். மத்தியானமும் எழுதினேன்.